ஈரநெல்லுக்கு எந்த எரர்?

கேள்வி: அக்கரைப்பற்றில் ஒரு நெல் ஆலைக்குக் கொள்வனவுக் கணக்குப் புறோகிராமைப் பைதன் மொழியில் எழுதுகிறேன். எடை பிழைத்தால் ஓர் எக்செப்ஷன் (பிழை வந்தால் புறோகிராம் எழுப்பும் அறிவிப்பு), திகதி பிழைத்தால் இன்னொன்று என்று நானே எழுதிய 19 எக்செப்ஷன் வகை, அதாவது கிளாஸ், சேர்ந்துவிட்டது. கூட வேலை செய்பவர் பைதனில் ஏற்கெனவே இருக்கும் எக்செப்ஷன்களையே பாவிக்கச் சொல்கிறார். எது சரி?
– வாசகர், சம்மாந்துறை

பதில்: அவர் சொல்வதுதான் பெரும்பாலும் சரி. ஒவ்வொரு கிளாஸாக எடுத்துப் பாருங்கள். அதை எக்செப்ட் போட்டுப் பிடிக்கும் இடத்தில், வேல்யூஎரர் (மதிப்பு பிழை என்று சொல்லப் பைதனிலேயே உள்ள எக்செப்ஷன்) வந்தால் செய்வதைத்தான் செய்கிறீர்கள் என்றால் அந்தக் கிளாஸ் வெறும் பெயர்ப்பலகை. அழித்துவிடுங்கள்.

எடைப் பெட்டியில் ‘52.5 கிலோ’ என்று அடித்தால், எழுத்தை எண்ணாக மாற்றும் ஃபுளோட் தானாகவே வேல்யூஎரர் எழுப்பும். (தமிழ் இலக்கத்தில் ‘௫௨’ என்று அடித்தால் 52 என்று ஒழுங்காக வாசித்துவிடும், பயப்பட வேண்டாம்.) ஆனால் -52 ஐயும் பேசாமல் ஏற்றுக்கொள்ளும். அங்கே நீங்களே ரெய்ஸ் போட்டு வேல்யூஎரர் எழுப்புங்கள். எடை வரவேண்டிய இடத்துக்கு ஒரு லிஸ்ட் வந்து டைப்எரர் (வந்த பொருளின் வகையே பிழை என்னும் எக்செப்ஷன்) எழுந்தால் அது கிளாக்கரின் பிழையல்ல, உங்களுடையது. அதைப் பிடித்து மூடாதீர்கள். விழுந்தால்தான் எந்த வரி என்று தெரியும்.

ஈரப்பதம் அப்படியல்ல. 14 சதவீதத்துக்கு மேல் எடுப்பதில்லை என்பது ஆலையின் விதி என்று வைத்துக்கொள்வோம். 17 என்று வந்தால் அதற்கும் வேல்யூஎரர் எழுப்பினால் என்ன நடக்கும்? எடைக்காகப் போட்ட எக்செப்ட் அதையும் பிடித்து, ‘இலக்கத்தைச் சரியாக அடிக்கவும்’ என்று காட்டும். கிளாக்கர் அதே 17 ஐத் திரும்பத் திரும்ப அடிப்பார், வெளியே உழவு மெஷின் பெட்டியோடு வரிசையில் நிற்கும். அடித்தது பிழையல்ல, நெல்தான் ஈரம். செய்யவேண்டியது வேறு: காயவைத்துக் கொண்டுவரச் சொல்லித் துண்டு அடிக்க வேண்டும். இதற்குத்தான் சொந்தக் கிளாஸ்.

முதலில் எக்செப்ஷனிலிருந்து ஆலைஎரர் என்று ஒரு தாய்க் கிளாஸ் எடுங்கள், உள்ளே பாஸ் (ஒன்றும் செய்யாத வரி) போதும். அதிலிருந்து ஈரநெல்எரர். (பைதன் 3 இல் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.) அளந்த 17 ஐ செய்திக்குள் மட்டும் எழுதாமல் தனி அட்ரிபியூட்டாகவும் (எக்செப்ஷனோடு பெயர் வைத்துச் சேர்த்த மதிப்பாகவும்) வையுங்கள். இல்லாவிட்டால் துண்டு அடிப்பதற்குச் செய்தியை வெட்டி இலக்கம் தேடவேண்டி வரும். யாராவது வசனத்தை மாற்றிய அன்றே அது உடையும்.

ஈரநெல்எரரை வேல்யூஎரரிலிருந்து எடுப்பதும் குற்றமில்லை. அப்போது எக்செப்ட் வரிசையில் ஈரநெல்எரர்தான் முதலில் நிற்க வேண்டும். பைதன் மேலிருந்து பார்த்து, முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும்.

விலைப் பட்டியல் ஃபைல் இல்லாவிட்டால் வரும் ஃபைல்நொட்ஃபவுண்ட்எரரை உங்கள் எரராக மாற்றி எழுப்பும்போது ரெய்ஸ் வரியில் ‘ஃப்ரம்’ என்று மூல எரரையும் போட மறக்காதீர்கள். மூலக்காரணம் எது என்பது ட்ரேஸ்பேக்கில் (பிழை எந்த வரிகள் வழியாக வந்தது என்று பைதன் காட்டும் அறிக்கையில்) தெளிவாக நிற்கும்.

கேள்வி: சொந்த எக்செப்ஷனை, எக்செப்ஷன் கிளாஸுக்கும் மேலே இருக்கும் பேஸ்எக்செப்ஷனிலிருந்து எடுக்கலாமா?
– வாசகர், கல்லடி

பதில்: வேண்டாம். ‘எக்செப்ட் எக்செப்ஷன்’ என்று பிடிப்பவர் கையில் அது அகப்படாது. கீபோர்ட்இன்டரப்ட் (கன்ட்ரோல் சி அடித்தால் வருவது), சிஸ்டம்எக்ஸிட் (புறோகிராமை முடிக்கச் சொன்னால் வருவது) இரண்டையும் நேரே பேஸ்எக்செப்ஷனின் கீழ் வைத்திருப்பதே அப்படி நழுவிப்போகத்தான். பெயர் போடாமல் வெறும் எக்செப்ட் எழுதினால் அவையும் மாட்டும். லூப்புக்குள் அப்படி எழுதிவிட்டால் கன்ட்ரோல் சி அடித்தாலும் புறோகிராம் நிற்காது.