சில வார ரெசிடென்சியில் பிலிப்பினோ வேரைப் பிடிக்க முடியுமா?

அமெரிக்காவிலோ கனடாவிலோ வளர்ந்த பிலிப்பினோ கலைஞர் ரெசிடென்சிக்காக, அதாவது ஓரிடத்தில் சில வாரம் தங்கிப் படைப்பில் ஈடுபடும் ஏற்பாட்டுக்காக, பிலிப்பைன்ஸ் போனால் உண்மையில் என்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கே தங்குகிறார் என்பதைப் பொறுத்தது.

மணிலாவில் இடங்கள் உண்டு. எஸ்கோல்டா தெருவில் 1928இல் கட்டிய ஃபர்ஸ்ட் யுனைடெட் கட்டடத்தில் இயங்கிய 98பி போன்ற கலைஞர் குழுக்கள் வெளிநாட்டவரை வரவேற்றிருக்கின்றன. சக கலைஞர்களின் நட்புக்கு நகரம் போதும். ஆனால் கைவேலை சார்ந்த கலைஞராக இருந்தால் அக்லான் மாகாணத்தின் கலிபோவுக்குப் போகச் சொல்வேன்.

அங்கே அன்னாசி இலையிலிருந்து 'பின்யா' துணி நெய்கிறார்கள். உடைந்த பீங்கான் தட்டின் விளிம்பால் இலையைச் சுரண்டினால் முதலில் முரட்டு நார் வரும். அப்புறம் தேங்காய்ச் சிரட்டையால் சுரண்ட, முடி போன்ற மெல்லிய நார் கிடைக்கும். அதை அலசி, காயவைத்து, ஒவ்வொரு இழையாகக் கையால் முடிச்சிட்டு நீளமாக்குவார்கள். 2023இல் யுனெஸ்கோ இந்த நெசவைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

வீட்டில் கற்ற தகலோகு மொழி ஓரளவுக்குத்தான் உதவும். கலிபோ ஊர்க்காரர்கள் தங்களுக்குள் பேசுவது அக்லானோன் என்ற வேறு மொழி. கலப்படமில்லாத பூர்வீகத்தைத் தேடி வருபவருக்கு இன்னொரு திகைப்பும் காத்திருக்கிறது: அன்னாசியே தென் அமெரிக்கச் செடி, ஸ்பானியர் கொண்டுவந்தது. இந்தக் கலப்புதான் அந்நாட்டின் வரலாறு. புலம்பெயர்ந்த கலைஞருக்கு இதைவிட நெருக்கமான பாடம் இருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

ஒரு வேண்டுகோள்: நெசவாளருக்குக் கூலி கொடுங்கள், படைப்பில் அவர் பெயரையும் போடுங்கள்.