நரம்புத் தொல்லைக்குக் கோதுமையை நிறுத்தலாமா? – வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு வயது 47. மூன்று ஆண்டுகளாக இரண்டு பாதங்களும் மரத்துப்போய், இரவில் எரிகின்றன. சில மாதங்களாக நடையிலும் தள்ளாட்டம் இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு எட்டு ஆண்டுகளாக மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். இரவில் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறியும் பல ஆண்டுகள் ஆகின்றன. டெல்லியில் வசிக்கும் என் நாத்தனார், அங்கே ஒருவருக்கு இதே தொந்தரவு கோதுமையை நிறுத்தியதும் குறைந்துவிட்டதாகச் சொல்கிறார். நானும் நாளையே நிறுத்திவிடலாமா?
– வாசகி, பெரியபட்டினம்

பதில்: நாளையே நிறுத்த வேண்டாம், சகோதரி. கோதுமை ஒத்துக்கொள்ளாத ‘சீலியாக்’ என்ற நோய் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை முடியும் வரையாவது அந்தச் சப்பாத்தியைத் தொடர்ந்து சாப்பிடுங்கள். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் தூண்டப்பட்டு உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்களைத்தான் அந்தப் பரிசோதனை தேடுகிறது. குளூட்டனை நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள்கள் படிப்படியாகக் குறைந்து, நோய் உள்ளவருக்கும் ‘இல்லை’ என்றே முடிவு வரக்கூடும். பிறகு உண்மையை அறிய விரும்பினால், நிறுத்திய அதே உணவை ஆறு வாரங்களுக்குக் குறையாமல் நாள்தோறும் மறுபடி சாப்பிட்டுவிட்டுத்தான் பரிசோதனைக்குப் போக வேண்டும். கோதுமையை விட்டபின் உடல் சற்று தேறியவர்கள் இதற்குப் பெரும்பாலும் சம்மதிப்பதில்லை.

உங்கள் நாத்தனார் சொல்வது ஆதாரமற்ற பேச்சும் அல்ல. குளூட்டனால் சிறுகுடலின் உட்சுவர் சிதைகிற சீலியாக் நோயில் நரம்புகளும் பாதிக்கப்படுகின்றன என்று 1966-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் எழுதியிருக்கிறார்கள். அந்நாட்டின் ஷெஃபீல்டு நகரில் மரியோஸ் ஹாஜிவாசிலியு என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், காரணம் பிடிபடாத நரம்புக் குறைபாடு உள்ள 53 பேரில் 30 பேருக்குக் கோதுமைப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் காணப்பட்டது. (நல்ல உடல்நலம் உள்ளவர்களிலும் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு அது இருந்தது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது, இணையத்தில் இந்த ஆய்வை எடுத்துக்காட்டுகிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.) வயிற்றில் ஒரு தொல்லையும் இல்லாமல், சிறுமூளை மட்டும் பாதிக்கப்பட்டு நடையில் தள்ளாட்டமும் பேச்சில் குழறலும் வருகிற ‘குளூட்டன் அட்டாக்ஸியா’ இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு நோய். குளூட்டனை முற்றிலும் விலக்கிய நோயாளிகளிடம் ஓராண்டுக்குள் முன்னேற்றம் தெரிந்திருக்கிறது. ஆனால் சிறுமூளையில் அழிந்துபோன செல்கள் திரும்பி வருவதில்லை என்பதால், காலம் கடந்து கண்டுபிடித்தவர்களுக்கு நோய் முற்றாமல் நிற்பதே பெரிய பயனாக இருக்கும்.

இருந்தாலும், டெல்லியில் ஒருவருக்குப் பொருந்திய விளக்கம் நம் கடற்கரையில் உள்ளவருக்கும் அதே அளவில் பொருந்தும் என்று கொள்ள முடியாது. 2016-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில், வடமாநிலங்களில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய எட்டரைப் பேருக்கு இருந்த சீலியாக் நோய், தெற்கே பத்தாயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவில்தான் இருந்தது. இந்த நோய்க்கு இடம்தரும் மரபணுக்கள் நம்மிடமும் இருக்கின்றன. வேறுபாடு பெரும்பாலும் தட்டில்தான். அந்த ஆய்வில் வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு 455 கிராம் கோதுமை சாப்பிட, தெற்கே 25 கிராம்தான் சாப்பிட்டார்கள். நீங்கள் சப்பாத்திக்கு மாறி ஆண்டுகள் பல ஆகிவிட்டதால் அந்த 25 கிராம் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது; பரிசோதனை தேவை என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆயினும் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது கோதுமை அல்ல, சர்க்கரையும் மெட்ஃபார்மினும்தான். இரண்டு பாதங்களிலும் ஒரே மாதிரித் தொடங்கும் மதமதப்புக்கும் இரவு எரிச்சலுக்கும் நம் நாட்டில் மிகப் பொதுவான காரணம் சர்க்கரை நோய். அதற்கு அடுத்து வைட்டமின் பி12 குறைபாடு வருகிறது. மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் தொடரும்போது, குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறைகிறது. நாள்தோறும் மீன் சாப்பிடும் வீட்டில் இந்தக் குறைபாடு எப்படி வரும் என்று இப்பகுதியில் பலரும் கேட்கிறார்கள். உள்ளே போகிற பி12 ரத்தத்தில் சேராதபோது, சாளையும் நண்டும் எவ்வளவு சாப்பிட்டாலும் போதாது. இதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பி12-ஐ ஊசியாகவோ மாத்திரையாகவோ தனியாகக் கொடுத்துச் சரிசெய்யலாம்.

தள்ளாட்டம் எப்போது கூடுகிறது என்பதைக் கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். இருட்டில் நடக்கும்போதும், முகம் கழுவக் கண்ணை மூடும்போதும் மட்டும் சாய்கிறீர்கள் என்றால், பாதத்தின் உணர்வை மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்புகளிலோ தண்டுவடத்திலோ கோளாறு இருக்கலாம். சர்க்கரையும் பி12 குறைபாடும் செய்கிற வேலை அது. பட்டப்பகலில், கண் திறந்திருக்கும்போதும் கால்களை அகட்டி வைத்துத் தடுமாறுகிறீர்கள் என்றால் சிறுமூளையைப் பார்க்க வேண்டும்.

ஆகவே மூன்று மாதச் சர்க்கரை அளவு, பி12, தைராய்டு ஆகியவற்றுடன், சீலியாக் நோயைக் காட்டும் ‘டிஷ்யூ டிரான்ஸ்குளுட்டமினேஸ் ஐ.ஜி.ஏ.’ எதிர்ப்பொருளையும், ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்பொருள் வகையின் மொத்த அளவையும் ஒரே ரத்தத்தில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மொத்த அளவே குறைவாக உள்ளவர்களுக்கு முதல் பரிசோதனை பொய்யாக ‘இல்லை’ என்று காட்டக்கூடும். அதனால்தான் இரண்டும் சேர்த்துக் கேட்கப்படுகின்றன. இதில் நோய் இருப்பதாகத் தெரிந்தால், எண்டோஸ்கோபி செய்து சிறுகுடலில் திசு எடுத்துப் பார்ப்பார்கள். இதற்கும் நரம்பியல் மருத்துவரைப் பார்க்கவும் மதுரை வரை போக நேரிடலாம்.

சப்பாத்தியைப் பற்றி ஒன்று: மாவுச்சத்தில் அது சோற்றைவிடப் பெரிதும் குறைந்ததன்று. இரண்டு சப்பாத்தியோடு நிறுத்த முடிவதால்தான் பலருக்குச் சர்க்கரை கட்டுப்படுகிறதே தவிர, கோதுமைக்கென்று தனி மகிமை எதுவும் இல்லை.

கேள்வி: விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன்; வயது 34. பத்து ஆண்டுகளாக ஒற்றைத் தலைவலி. கைப்பேசியில் பார்த்ததை நம்பி, இந்த ஆண்டு மீன்பிடித் தடைக்காலத்தில் பரோட்டா, பிஸ்கட், ரொட்டி எல்லாவற்றையும் விட்டேன். தலைவலி பாதியாகக் குறைந்தது. மறுபடி கடலுக்குப் போய், பழையபடி பார்சல் பரோட்டா சாப்பிடத் தொடங்கியதும் தலைவலி வந்துவிட்டது. குளூட்டன்தான் காரணம் என்று உறுதியாகிவிட்டதல்லவா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: உறுதியாகவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான அந்த 61 நாட்களில் உங்கள் வாழ்க்கையில் மாறியது பரோட்டா மட்டுமா? இரவு முழுவதும் வீட்டில் தூங்கினீர்கள், வேளைக்குச் சாப்பிட்டீர்கள், வெயிலும் நீரில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் டீசல் புகையும் எஞ்சின் இரைச்சலும் இல்லை, தண்ணீர் குடிக்காமல் மணிக்கணக்கில் வலை இழுக்கவில்லை. ஒற்றைத் தலைவலியைத் தூண்டுவதில் தூக்கக் குறைவும் பசியும் நீர் வறட்சியும் கண்கூசும் ஒளியும் முன்னணியில் நிற்பவை. அவை அனைத்தும் ஒரே நேரத்தில் நீங்கி, ஒரே நேரத்தில் திரும்பியிருக்கின்றன.

சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு ஒற்றைத் தலைவலி மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது என்பதும், குளூட்டனை விட்டபின் அவர்களில் பலருக்குக் குறைகிறது என்பதும் உண்மை. அந்த நோய் இல்லாதவர்களுக்கும் அப்படியே குறையும் என்று காட்டப்படவில்லை. நீங்கள் இப்போது மறுபடி கோதுமை சாப்பிட்டு வருவதால், மேலே சொன்ன ரத்தப் பரிசோதனையைச் சில வாரங்கள் கழித்துத் தாராளமாகச் செய்துகொள்ளலாம்.

அது ‘இல்லை’ என்று வந்து, அப்போதும் உங்கள் ஐயம் தீரவில்லை என்றால், தொழிலுக்குப் போகும் மாதங்களிலேயே சோதித்துப் பாருங்கள். முதலில் எதையும் மாற்றாமல் ஒரு மாதம், தலைவலி வந்த நாள், நீடித்த நேரம், போட்ட மாத்திரை, முந்திய இரவின் தூக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் கோதுமையை மட்டும் நீக்கி இரண்டு மாதம், மறுபடி சேர்த்து ஒரு மாதம் என்று அதே குறிப்பைத் தொடருங்கள். மூன்று பகுதிகளையும் ஒப்பிட்டால் உங்கள் நினைவு சொல்லாததை அந்த ஏடு சொல்லும். கோதுமையை விட்டதும் நலமடைவதாகச் சொல்பவர்கள் 59 பேரை வைத்து நார்வேயில் நடந்து, 2018-இல் வெளியான ஆய்வில், எது கொடுக்கப்படுகிறது என்று தெரியாமல் சாப்பிட்டபோது, அவர்களுடைய வயிற்றுத் தொல்லையைக் கூட்டியது குளூட்டன் அல்ல, கோதுமையில் உள்ள ஃபிரக்டன் என்ற மாவுச்சத்து. அது வெங்காயத்திலும் பூண்டிலும் உண்டு. பரோட்டாவை விட்டுச் சால்னாவைத் தொடர்ந்தால் அதிலிருந்து தப்ப முடியாது.

இதற்கிடையே தலைவலியைத் தடுக்கும் மாத்திரைகளைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். மாதம் பத்து நாட்களுக்கு மேல் வலிமாத்திரை போடுபவராக இருந்தால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கக்கூடும்.

கேள்வி: என் மருமகளுக்குச் சீலியாக் நோயும் அதனால் நடைத் தள்ளாட்டமும் இருப்பது பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. நம் சமையலில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
– வாசகி, கீழக்கரை

பதில்: உறுதியான நோய்க்குக் குளூட்டன் இல்லாத உணவுதான் மருந்து, அது வாழ்நாள் முழுவதும், ஒரு துளியும் விலகாமல் இருக்க வேண்டும். சோறு, இடியாப்பம், ஆப்பம், கேழ்வரகு, கம்பு, மீன், இறைச்சி, தேங்காய் எல்லாம் உங்கள் வீட்டில் முன்பே இருப்பவை என்பதால், டெல்லியில் உள்ள ஒரு குடும்பத்தைவிட உங்களுக்குப் பாதி வேலை குறைவு.

மீதி வேலை மறைவிடங்களில் இருக்கிறது. ரவை, சேமியா, மைதா ஆகியவை கோதுமையே என்பது பலருக்கு நினைவில் நிற்பதில்லை. கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். மால்ட் சேர்த்த சத்துப் பானங்கள் பார்லியிலிருந்து வருபவை. சோயா சாஸிலும் கோதுமை உண்டு. கோதுமையும் இறைச்சியும் சேர்த்துச் செய்யும் ஹலீம் கூடாது, நோன்புக் கஞ்சி அரிசியில் காய்ச்சுவதுதான் என்றாலும், யார் வீட்டிலிருந்து வந்தாலும் அதில் கோதுமை நொய் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாவு மில்லில் கோதுமை அரைத்த கையோடு உங்கள் அரிசியைக் கொட்டினால் முதல் சில கிலோ முழுவதும் கலப்படம்தான். வீட்டிலேயே அரைப்பது நல்லது. பரோட்டா போட்ட கல்லில் தோசையும், பூரி பொரித்த எண்ணெயில் மீனும் வேண்டாம். பொட்டலத்தில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. அந்தச் சொற்களைப் பார்த்து வாங்குங்கள்.

தொதல், வட்டலப்பம் ஆகிய இனிப்புகளைக் கோதுமை சேர்க்காமல் வீட்டில் செய்வதாக இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். எதிர்ப்பொருள் அளவை ஆறாம் மாதத்திலும் ஓராண்டு முடிவிலும் மறுபடி பாருங்கள். அது குறையாவிட்டால், எங்கோ ஒரு டப்பாவில் கோதுமை இருக்கிறது என்று வைத்துத் தேடத் தொடங்குங்கள். இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12, தாமிரம், வைட்டமின் இ ஆகியவற்றையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள். சிதைந்த குடல் இவற்றைச் சரியாக உறிஞ்சுவதில்லை, இவற்றில் சில குறைந்தாலும் நடை தள்ளாடும்.