கோரிக்கையில் வரும் மாறிகளை வைத்து விதி எழுதுவது: கேள்வி பதில்

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். சேர்வருக்கு முன்னால் நிற்கும் புரொக்ஸிகளைப் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. வருகிற கோரிக்கையின் ஐபி, ஹெடர் (கோரிக்கையோடு வரும் குறிப்பு வரி), குக்கி, பாதை இவற்றை மாறிகளாக எடுத்து, யாரை விடுவது, யாரை மட்டுப்படுத்துவது, எதை எந்த சேர்வருக்கு அனுப்புவது என்று விதி எழுதுவதைப் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். என்ஜின்எக்ஸ், ஹெச்ஏபுரொக்ஸி என்ற புரொக்ஸி மென்பொருள்கள் இரண்டுக்கும் மட்டும் பதில் தருகிறேன்.

புதுக்குடியிருப்பிலிருந்து: அக்கா, எங்கள் செய்தித் தளத்தில் பாதைகள் தமிழிலேயே இருக்கின்றன. "/கிளிநொச்சி/" என்று தொடங்கும் பக்கங்களை வேறு சேர்வருக்கு அனுப்ப என்ஜின்எக்ஸில் மேப் (மாறியில் எது இருந்தால் எது என்று சொல்லும் அட்டவணை) எழுதினேன். ரிக்குவெஸ்ட்_யூஆர்ஐ மாறியை வைத்தபோது ஒருவருக்கும் பிடிபடவில்லை. யூஆர்ஐ மாறிக்கு மாற்றினேன். இப்போது சிலருக்குப் பிடிபடுகிறது, சிலருக்கு இல்லை.

இப்படியொரு கேள்வி வராதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரிக்குவெஸ்ட்_யூஆர்ஐ என்பது உலாவி அனுப்பியபடியே இருக்கும் வரி. தமிழ் அதில் தமிழாக இருக்காது. எழுத்துகளைப் பைட்டாக எழுதும் யூடிஎப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட்; ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாகும். "வன்னி" என்ற சின்னச் சொல்லில் 5 குறியீடுகள், 15 பைட், ஆக 45 எழுத்து. அதோடு உங்கள் "கிளிநொச்சி"யை ஒப்பிட்டால் எப்படிப் பொருந்தும்? யூஆர்ஐ மாறி அவிழ்த்துச் சீராக்கியது, அதனால் பொருந்தியது.

சிலருக்குப் பிடிபடாதது "நொ"வால். ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியீடாக, அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுதான். பைட்டில் ஒன்று 3, மற்றது 6. என்ஜின்எக்ஸ் இவற்றை ஒன்றாக்காது, பைட்டைத்தான் பார்க்கும். பதிவேட்டைத் திறந்து, பிடிபடாத வரியில் அந்த இடத்தில் எத்தனை பைட் என்று எண்ணுங்கள், தெரிந்துவிடும். மேப்பில் இரண்டு வடிவத்தையும் போடுங்கள். அப்புறம், பிரிந்த வடிவத்தில் வருபவர்களைச் சேர்ந்த வடிவத்துக்குத் திருப்பிவிடும் வேலையைத் தளத்தின் நிரலிலேயே செய்துவிடுங்கள். ஓகாரமும் ஔகாரமும் இதே கதைதான்.

ஒரு எச்சரிக்கை. திருப்பிவிடும் விதியை என்ஜின்எக்ஸிலேயே எழுத நினைத்தால், புது முகவரிக்குள் யூஆர்ஐ மாறியை வைக்காதீர்கள். அது அவிழ்த்த வரி. ஒருவர் பாதைக்குள் வரிமுறிவை ஒளித்து அனுப்பினால் அது நிஜ வரிமுறிவாகி, உங்கள் பதிலில் அவர் விரும்பிய ஹெடரைச் சேர்த்துவிடும். கோரிக்கையில் இருப்பதெல்லாம் அனுப்பியவர் எழுதியது. இதை இன்றைக்குப் பல தடவை சொல்லப் போகிறேன்.

பரந்தனிலிருந்து: ஏ9 வீதியில் பாரவூர்திகளுக்கான விதி பற்றியும் கேட்கலாமா?

இது இணையப் போக்குவரத்து ஐயா. வீதி பற்றிப் போக்குவரத்துப் பொலிஸாரிடம் கேளுங்கள்.

ஒட்டுசுட்டானிலிருந்து: முன்னால் ஒரு லோட் பலன்சர் (கோரிக்கைகளைச் சேர்வர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது) வைத்த பிறகு எல்லா வருகையாளரும் ஒரே ஐபியாகத் தெரிகிறார்கள். கோரிக்கை கடந்து வந்த முகவரிகளைச் சொல்லும் எக்ஸ்-ஃபார்வேர்டட்-ஃபார் ஹெடரின் முதல் முகவரியை எடுத்து மட்டுப்படுத்தலாமா?

வேண்டாம் தம்பி. கடித உறையில் அனுப்புநர் பெயரை யாரும் எழுதலாம், முத்திரையைத் தபாலகம்தான் குத்தும். அந்த ஹெடரின் இடப்பக்கம் அனுப்புநர் எழுதியது, வலப்பக்கம் உங்கள் புரொக்ஸி குத்தியது. ஒருவர் "1.2.3.4" என்று பொய்யாக எழுதி அனுப்பினால், உங்கள் பலன்சர் அவருடைய உண்மையான முகவரியை அதன் பின்னால் ஒட்டும். உங்களிடம் வருவது "1.2.3.4, 198.51.100.23". முதலாவதை எடுத்தால் அவர் ஒவ்வொரு தடவையும் புது ஆளாக வருவார், மட்டுப்படுத்தல் எதற்கும் உதவாது.

வருகையாளரின் உண்மையான ஐபியைக் கண்டெடுக்கும் என்ஜின்எக்ஸின் ரியல்ஐபி மொடியூலைப் பாவியுங்கள். நம்பும் முகவரியாக உங்கள் பலன்சரின் ஐபியை மட்டும் கொடுங்கள், ரிக்கர்சிவை ஒன் பண்ணுங்கள். வலமிருந்து இடமாக வந்து, நம்பாத முதல் முகவரியில் நிற்கும். அதுதான் ஆள். சேர்வரை நேரடியாக எட்ட முடியாதபடி ஃபயர்வோலிலும் அடையுங்கள்.

மல்லாவியிலிருந்து: ஐபிக்கு நொடிக்கு 10 கோரிக்கை என்று வைத்தேன். பாடசாலைக் கணினி அறையில் பிள்ளைகள் ஒன்றாகத் திறந்தால் பாதிப் பேருக்கு 503 பிழை வருகிறது.

நொடிக்கு 10 என்பதை என்ஜின்எக்ஸ் 100 மில்லிநொடிக்கு ஒன்று என்றுதான் எடுக்கும். பேர்ஸ்ட் (அளவுக்கு மேல் சேர்ந்து வருவதற்கான கூடுதல் இடம்) கொடுக்காவிட்டால், ஒரே பிள்ளை திறக்கும் பக்கத்தில் இரண்டு படம் சேர்ந்து வந்தாலே இரண்டாவது விழும். பேர்ஸ்ட்டைத் தாராளமாகக் கொடுத்து நோடிலேயும் (அவற்றைக் காக்க வைக்காமல் உடனே விடுவது) சேருங்கள். 503 என்பது சேர்வர் படுத்துவிட்டது போலத் தெரியும், அதை 429 (கோரிக்கைகள் அதிகம்) ஆக மாற்றுங்கள்.

வவுனியாவிலிருந்து: அக்கா, ஐபியை வைத்து எண்ணுவதே தப்பு. போனில் வருபவர்கள் நூற்றுக்கணக்கில் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இருக்கிறார்கள். செஷன் குக்கியை வைத்து எண்ணச் சொல்லுங்கள்.

போன் பற்றிச் சொன்னது சரி. இப்படிப் பகிர்வதற்கென்றே 2012இல் 100.64.0.0/10 என்ற தொகுதியை ஒதுக்கினார்கள். ஆனால் குக்கியே இல்லாமல் வருபவருக்கு என்ன செய்வீர்கள்? மட்டுப்படுத்தும் சாவி வெறுமையாக இருந்தால் என்ஜின்எக்ஸ் அந்தக் கோரிக்கையை எண்ணவே எண்ணாது.

மீண்டும் வவுனியா: வெறுமையாக வந்தால் மேப்பில் ஐபிக்கு மாற்றிவிடலாமே.

மாற்றலாம், நல்ல யோசனை. ஆனாலும் ஓட்டை அடைபடவில்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு புதுக் குக்கியைக் கற்பனையாக எழுதி அனுப்புகிறவர் ஒவ்வொரு தடவையும் புதுக் கணக்கில் தொடங்குவார். குக்கி நிஜமா என்று என்ஜின்எக்ஸுக்குத் தெரியாது.

துணுக்காயிலிருந்து: அப்படியென்றால் எதை வைத்துத்தான் எண்ணுவது? இருவரும் மாறி மாறிச் சொல்கிறீர்கள்.

இரண்டையும். ஒரே லொக்கேஷனில் (ஒரு பாதைக்கான விதித் தொகுதியில்) இரண்டு மட்டுப்படுத்தலைப் போடலாம். குக்கிக்கு இறுக்கமாக ஒன்று. ஐபிக்கு, ஒரு பாடசாலை முழுக்க வந்தாலும் தாங்கும் அளவுக்குத் தளர்வாக இன்னொன்று. நேர்மையாக வருபவருக்கு முதலாவது, குக்கியைப் பொய்யாக எழுதுபவருக்கு இரண்டாவது. உள்நுழையும் பக்கத்துக்கு மட்டும் ஐபியை இறுக்குங்கள். பயனர் பெயரை வைத்து எண்ணுவதை நிரலுக்கு விடுங்கள், அது கோரிக்கையின் உடலில் வருவதால் இந்த மட்டுப்படுத்தலின் சாவிக்கு எட்டாது. வவுனியாத் தம்பி, உங்கள் மேப் இதற்குள்ளும் பொருந்தும், எறிந்துவிடாதீர்கள்.

நெடுங்கேணியிலிருந்து: எக்ஸ்-ஃபார்வேர்டட்-ஃபாரில் முதல் முகவரியை எடுத்தால்...

ஒட்டுசுட்டானுக்கு எழுதியதை வாசியுங்கள்.

மன்னாரிலிருந்து: யூசர்-ஏஜென்டில் (உலாவி தன் பெயரைச் சொல்லும் ஹெடர்) கூகுள்பொட், அதாவது கூகுள் தேடலின் ரோபோ, என்று இருந்தால் மட்டுப்படுத்தாமல் விடும் விதி எழுதியிருக்கிறேன். சரிதானே?

சரியில்லை. அதுவும் அனுப்பியவர் எழுதியதுதான். ஐபியிலிருந்து டொமைன் பெயரைத் தேடி, கூகுளுடைய பெயரா என்று பார்த்து, அந்தப் பெயரிலிருந்து திரும்ப அதே ஐபி வருகிறதா என்றும் பாருங்கள். அதுவரை அந்த விதியை எடுத்துவிடுங்கள்.

அறிவியல்நகரிலிருந்து, பொறியியல் பீட மாணவி: ஹெச்ஏபுரொக்ஸியில், எந்தத் தளம் கேட்கப்பட்டது என்று சொல்லும் ஹோஸ்ட் ஹெடரைப் பார்த்துப் பதிலில் ஒரு ஹெடர் சேர்க்க வேண்டும். பதில் விதியில் ஹோஸ்ட் வெறுமையாக வருகிறது.

பதில் கட்டம் வரும்போது கோரிக்கையின் ஹெடர்கள் கையில் இருக்காது தங்கச்சி. கோரிக்கைக் கட்டத்திலேயே செட்-வார் கொண்டு ஹோஸ்ட்டை ஒரு மாறியில் எடுத்து வையுங்கள். மாறியின் எல்லை டிஎக்ஸ்என் ஆக இருக்கட்டும், அது கோரிக்கையிலும் பதிலிலும் உயிரோடிருக்கும். ரெக் என்று வைத்தால் கோரிக்கையோடு போய்விடும்.

முல்லைத்தீவிலிருந்து: வற்றாப்பளைப் பொங்கல் நேரடி ஒளிபரப்புக்கு மூன்று சேர்வர். முகவரியில் "சேர்வர்=" என்று வரும் பெயரை அப்படியே புரொக்ஸி_பாஸில் (கோரிக்கையை எங்கே அனுப்புவது என்ற கட்டளை) போட்டால் சுலபம் அல்லவா?

போட்டால், உங்கள் உள் வலையமைப்பில் உள்ள எந்தப் பெட்டியையும் எவரும் உங்கள் புரொக்ஸி வழியாகத் தட்டலாம். மேப் எழுதுங்கள்: மூன்று பெயர், மூன்று சேர்வர். வேறு எது வந்தாலும் டிஃபோல்ட்டாக முதல் சேர்வர். வைகாசிக்கு முன்னால் பொய்ப் பெயர் ஒன்றைக் கொடுத்துச் சோதித்தும் பாருங்கள்.

நெடுங்கேணியிலிருந்து: வாசித்தேன் அக்கா, ரியல்ஐபி சரி. ஆனால் எங்கள் போன் செயலி அனுப்பும் "கிளை_எண்" ஹெடர் மாறியில் வரவே இல்லை.

அடிக்கோடும் தமிழ் எழுத்தும்தான் காரணம். பெயரில் இவை உள்ள ஹெடரை என்ஜின்எக்ஸ் இயல்பாகவே விட்டுவிடும். செயலியில் பெயரை ஆங்கில எழுத்தில், அடிக்கோட்டுக்குப் பதில் இணைகோடு போட்டு மாற்றுங்கள். மாறியில் அந்த இணைகோடு அடிக்கோடாகிவிடும், விதியில் அப்படியே எழுதுங்கள்.