முதல் பிள்ளைக்கு அட்ரீனல் கோளாறு, அடுத்ததற்கும் வருமா?

கேள்வி: காசிமேட்டில் இருக்கிறோம். நான் தாய்மாமனைக் கட்டியவள். எங்கள் பையனுக்கு மூன்று வயது. பிறந்த பதினேழாம் நாள் வாந்தியெடுத்துச் சுருண்டுவிட்டான். சி.ஏ.எச். (பிறவியிலேயே வரும் அட்ரீனல் சுரப்பிக் கோளாறு) என்று கண்டுபிடித்தார்கள். மாத்திரை சாப்பிட்டு இப்போது நன்றாக இருக்கிறான். இன்னொரு பிள்ளை வேண்டும் என்று ஆசை, ஆனால் அதற்கும் வருமோ என்று பயம். ஆயாதான் எனக்கு மாமியாரும். “எங்க வம்சத்துல இது இல்ல, உங்கப்பன் வழியில வந்தது” என்கிறார். அப்படியா?

பதில்: ஆயாவின் கணக்கு தப்பு, அம்மா. இந்த நோய் வர, பிள்ளைக்கு இரண்டு பழுதான ஜீன்கள் வேண்டும்: தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. உங்கள் கணவரிடம் இருப்பதை அநேகமாக அவருடைய அம்மாவோ அப்பாவோதான் கொடுத்திருப்பார்கள். அதே ஜீன் அவருடைய அக்கா வழியாக உங்களுக்கும் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இதை வைத்து ஆயாவிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஒரே ஒரு பழுதான ஜீனைச் சுமப்பவருக்கு ஆயுள் முழுக்க ஒன்றும் செய்யாது. யாரும் தெரிந்து கொடுத்ததில்லை.

சொந்தத்தில் கட்டும் ஊரில் இப்படி இரண்டும் ஒரே பிள்ளையிடம் வந்து சேர்வது அதிகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைப் பரிசோதித்தபோது, மொத்தமாக 5,762 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தது. சென்னையில் மட்டும் 2,036 பேரில் ஒருவருக்கு.

நோய் என்னவென்றால், சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி கார்டிசோல், ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்களைச் சுரக்கும். அதற்கான என்சைம் ஒன்று குறைந்தால் கால்வாயை அடைத்த மாதிரிதான். தண்ணீர் பக்கத்துத் தெருவுக்குள் புகும். இங்கே பக்கத்துத் தெரு என்பது ஆண் ஹார்மோன். கார்டிசோல் இல்லாமல் உடம்பு காய்ச்சலைத் தாங்காது, ஆல்டோஸ்டிரோன் இல்லாமல் உப்பு சிறுநீரில் போய்விடும். உங்கள் பையன் சோற்றைத் தள்ளிவிட்டு நெத்திலிக் கருவாட்டை எடுத்துச் சப்புகிறானா? கெட்ட பழக்கம் என்று அடிக்காதீர்கள். உப்பு குறைவதை உடம்பு சொல்கிறது. மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

சரி, அடுத்த பிள்ளை. பூவா தலையா போடுகிற மாதிரி நீங்கள் ஒரு காசு, அவர் ஒரு காசு சுண்டுங்கள். இரண்டிலும் பூ விழுந்தால்தான் நோய். அதாவது ஒவ்வொரு கர்ப்பத்திலும் நூற்றுக்கு 25. “மூத்தவனுக்கு வந்துவிட்டதே, அடுத்த மூன்று பிள்ளைகள் தப்பிவிடும்” என்று வீட்டில் சொல்வார்கள். காசுக்குப் போன தடவை என்ன விழுந்தது என்று ஞாபகம் இருக்காது.

கர்ப்பம் தரிக்கும் முன்பே ஒரு வேலை இருக்கிறது. பையனுக்கு ஜீன் பரிசோதனை செய்து, அவனிடம் என்ன பழுது என்று தெரிந்துகொண்டு, அப்புறம் உங்கள் இருவரிடமும் அதையே தேட வேண்டும். இந்த ஜீனின் பக்கத்திலேயே அச்சு அசலாக அதே போல, வேலைக்கு ஆகாத இன்னொரு ஜீன் இருக்கிறது. பொதுவான ஜீன் பரிசோதனை இரண்டையும் குழப்பிக்கொள்ளும். அதனால் 21-ஹைட்ராக்சிலேஸ் (மேலே சொன்ன என்சைம்) குறைபாட்டுக்கென்றே செய்யும் பரிசோதனைதானா என்று கேட்டுவிட்டு ரத்தம் கொடுங்கள். அந்த ரிப்போர்ட் கையில் இருந்தால், வேண்டுமானால் கர்ப்பத்தின் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கலாம். கரு கலைய ஒரு சிறிய வாய்ப்பு அதில் உண்டு. சட்டம் இதற்கு இடம் தருகிறது. ஆணா பெண்ணா என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

என்னைக் கேட்டால், கர்ப்பத்திலேயே பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மருந்தோடு வளர்க்கக்கூடிய நோய் இது, நீங்களே வளர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. பெண் குழந்தையாக இருந்தால் பிறப்புறுப்பு மாறாமல் இருக்க, கர்ப்பத்திலேயே டெக்சாமெதசோன் மாத்திரை போடலாம் என்று யாராவது சொல்வார்கள். ஒன்பது வாரத்துக்குள் தொடங்க வேண்டிய மருந்து அது. நோயுள்ள பெண் குழந்தையாக இருக்க வாய்ப்பு எட்டில் ஒன்றுதான்; மற்ற ஏழும் தேவையில்லாமல் மருந்தை வாங்கும். ஆராய்ச்சிக்கு வெளியே அதைக் கொடுக்கக் கூடாது என்பதே ஹார்மோன் நிபுணர்களின் பரிந்துரை. மறுத்துவிடுங்கள்.

நான் அதிகம் பயப்படுவது பிரசவத்துக்குப் பிந்தைய இரண்டு மூன்று வாரங்களுக்குத்தான். பெண் குழந்தைக்குப் பிறப்புறுப்பைப் பார்த்தே சந்தேகம் வரும். பையன் என்று தவறாகச் சொல்லி அனுப்பிய கதையும் உண்டு. ஆண் குழந்தைக்குப் பெரும்பாலும் வெளியே ஒன்றுமே தெரியாது. வீட்டுக்கு வந்தபின் பால் குடிக்காது, எடை ஏறாது, வாந்தி எடுக்கும். மாந்தம் என்பார்கள், உரம் விழுந்திருக்கிறது என்று புடவையில் போட்டு உருட்டுவார்கள். அந்த ஒரு நாள் தாமதத்திலேயே உயிர் போகலாம்.

அதனால் கர்ப்ப அட்டையிலேயே “மூத்த குழந்தைக்கு சி.ஏ.எச்.” என்று பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். குழந்தை பிறந்து 48 மணி நேரம் கழிந்ததும் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்து, 17 ஓ.எச்.பி. (இந்த நோயில் ரத்தத்தில் கூடிவிடும் ஹார்மோன்) அளவைப் பார்க்க வேண்டும். அதற்கு முன்பே எடுத்தால் நோய் இல்லாத குழந்தைக்கும் அளவு கூடுதலாகக் காட்டலாம். முடிவு வரும்வரை சோடியம், பொட்டாசியம் பார்த்து, எடையையும் கவனிக்கச் சொல்லுங்கள். அது தெரியாமல் தாய்வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.

பையனைப் பற்றியும் இரண்டு வார்த்தை. விடிகாலை மூன்று மணிக்கு அப்பா துறைமுகத்துக்குக் கிளம்பும் வீட்டில் காலை மாத்திரை யார் பொறுப்பு என்பது தெளிவாக இருக்கட்டும். கத்தரிக்கோலால் நான்காக வெட்டும் மாத்திரையில் ஒரு துண்டு தூளாகிவிட்டால், “பரவாயில்லை” என்று மிச்சத்தைக் கொடுக்காதீர்கள். புது மாத்திரை எடுங்கள். எல்லாக் கடையிலும் கிடைக்காத மருந்து, ஒரு மாதத்துக்கு எப்போதும் கையிருப்பு வேண்டும். காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டினால், உங்கள் மருத்துவர் எழுதிக்கொடுத்தபடி ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை இரண்டு மூன்று மடங்கு. மாத்திரை வாந்தியில் வந்துவிட்டால் ஹைட்ரோகார்டிசோன் ஊசிதான். 108-ஐ அழையுங்கள், அல்லது ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். “அட்ரீனல் குழந்தை, உடனே ஊசி வேண்டும்” என்ற கடிதமும் ஒரு ஊசி மருந்தும் பையிலேயே இருக்கட்டும்.

அவன் பெரியவனாகிக் கல்யாணம் செய்தால் அவன் பிள்ளைகள் எல்லோரும் ஜீனைச் சுமப்பார்கள். மனைவியும் சுமப்பவராக இருந்தால்தான் நோய் வரும்; வெளியில் அப்படி இருப்பவர், உலகக் கணக்கில், சுமார் அறுபதில் ஒருவர். சொந்தத்தில் அது பல மடங்கு கூடும். உங்கள் தங்கை அந்த ஜீனைச் சுமக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. அவருக்கும் மாமன் வீட்டிலேயே பேச்சு நடக்கிறது என்றால், தட்டு மாற்றும் முன் இரண்டு பேரின் ரத்தத்தையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.