கார் கிறுக்குப் பையனுக்கு சிஎஸ்இ சீட் வாங்க வளையலை அடகு வைக்காதீங்க

போன வாரம் பல்லடத்துலேந்து ஒரு அக்கா, என்ன படிக்க வைக்கலாம்னு கேக்க என்கிட்ட பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. ப்ளஸ் டூ முடிச்சுட்டான், நாள் பூரா கார் கார்னே கெடக்கறான். பெங்களூர் ஐடில இருக்கற மாமா "இனிமே எல்லாம் எலக்ட்ரிக்தான், இவன் ஸ்பேனரைப் புடிச்சுட்டு என்ன பண்ணுவான், மேனேஜ்மென்ட் கோட்டால சிஎஸ்இ போட்டுடுங்க"ன்னுட்டாராம். அக்கா வளையலை அடகு வைக்க ரெடியா இருந்தாங்க. மொதல்ல தண்ணி குடுத்து உக்கார வெச்சு ஆறுதலாத்தான் பேசினேன். அப்புறம் பையன்கிட்ட, கடைசியா எந்த வண்டில கை வெச்சேன்னு கேட்டேன்.

பக்கத்து வீட்டு மாருதி 800-ல ஒரு ஹெட்லைட் மங்கலா எரிஞ்சிருக்கு, ரெண்டு தடவ பல்பு மாத்தியும் சரியாகல. இவன் எர்த் வயர் பாடில மாட்டற எடத்தைப் பாத்தா ஒரே துரு, உப்புத்தாள்ல தேச்சு போல்ட்டை இறுக்கிருக்கான், லைட் பளிச்னு வந்துருச்சு.

அதைக் கேட்டதும் அக்காகிட்ட நேராவே சொல்லிட்டேன், இந்தப் பையனை சிஎஸ்இல தள்றது தப்புங்க. மாமா சொல்றதுல பாதி நெசம். கார்புரேட்டரைத் திருகி ட்யூன் பண்ணின காலம் போயி, காரோட குட்டிக் கம்ப்யூட்டரை (ஈசியூ) லேப்டாப்ல மாத்தி ட்யூன் பண்ற ரீமேப் வந்து, இப்ப பேட்டரி வந்தாச்சு. ஆனா கார் மேல இருக்கற கிறுக்கு எங்கயும் போகல. நம்ம கோயமுத்தூர் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் ட்ராக்குக்கு ஃபார்முலா பாரத் போட்டி நடக்கறப்ப போய்ப் பாருங்க, காலேஜ் பசங்க அவங்களே கட்டின எலக்ட்ரிக் ரேஸ் காரைக் கொண்டுவராங்க. இந்தப் பக்கம் 50 வருஷம் தாண்டின வண்டிகளுக்குன்னு 2021-ல தனி ரிஜிஸ்ட்ரேஷனே வந்துருச்சு, நம்பர்ல விஏ-ன்னு எழுத்து இருக்கும். பழசுக்கும் ஆள் வேணும், புதுசுக்கும் ஆள் வேணும், ரெண்டுலயும் வயரிங் தெரிஞ்ச ஆளுக்குத்தான் ஒர்க்‌ஷாப்ல எல்லாரும் காத்துக் கெடக்கறாங்க.

பிஇ மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுடறேன். நான் சொல்றது அரசு ஐடிஐ. ஆமாங்க, சொந்தக்காரங்க மூஞ்சி சுளிக்கற அதே ஐடிஐ. டாடா டெக்னாலஜிஸோட சேர்ந்து 71 அரசு ஐடிஐகளை புதுசாக்கியிருக்காங்க, அதுல மெக்கானிக் எலக்ட்ரிக் வெகிக்கிள்னு ரெண்டு வருஷ ட்ரேட் இருக்கு, எல்லா ஐடிஐலயும் இருக்காது, விசாரிச்சுக்கங்க. ட்யூஷன் ஃபீஸ் கிடையாது, மாசம் 750 ரூபா உதவித்தொகை, பையன் ஆறாவதுலேந்து அரசுப் பள்ளிங்கறதால தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் இன்னொரு 1000. முடிச்சுட்டு அப்ரென்டிஸ் போகலாம், படிக்கணும்னு தோணுச்சுன்னா டிப்ளமோ ரெண்டாம் வருஷத்துலயே சேரலாம், அங்கிருந்து பிஇ-க்கும் வழி இருக்கு.

வேலை எப்படி இருக்கும்னு அவனுக்கு ஒண்ணு காட்டினேன். பெரும்பாலான புது கார்ல ஸ்டியரிங்குக்குக் கீழ கோளாறு செக் பண்ற சாக்கெட் ஒண்ணு இருக்கும், பேட்டரியைக் கழட்டிட்டு அதுல 6-ஆவது பின்னுக்கும் 14-ஆவது பின்னுக்கும் நடுவுல மீட்டர் வெச்சா 60 ஓம்ஸ் கிட்ட காட்டணும். 120 காட்டுச்சுன்னா காருக்குள்ள இருக்கற கம்ப்யூட்டர்ங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற லைன் எங்கயோ கட் ஆயிருக்கு. ஏன் சரியா பாதின்னு கேட்டான் பாருங்க, அந்த லைனோட ரெண்டு முனைலயும் 120 ஓம்ஸ் ரெசிஸ்டர் பேரலல்ல இருக்குன்னு நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள அவனே கணக்கு போட்டுட்டான். எலக்ட்ரிக் கார்ல ஆரஞ்சு கலர் கேபிள்னா ஹை வோல்டேஜ், கரண்ட் தாங்கற ரப்பர் கிளவுஸ் போடாம, மெயின் சப்ளையைக் கழட்டாம கிட்டயே போகக்கூடாது. இதை யூட்யூப் பாத்து கத்துக்க முடியாதுங்க, உசுரு போயிடும், அதுக்குத்தான் முறையா ட்ரெய்னிங் வேணும்ங்கறேன்.

செலவு விஷயத்துல நான் கறார். வளையல் பீரோல இருக்கட்டும். பையனுக்கும் சொல்லிட்டேன், பிரிச்சு மாத்திக் கட்டற ப்ராஜெக்ட் கார்னு சொல்லி 1 லட்சத்துக்கு ஓட்டை வண்டி வாங்கற பேச்சே கூடாது. கம்பெனி குடுத்த டிசைனை இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2019-லயே சொல்லிருச்சு, ஆர்டிஓ புடிச்சா நீதான் மாட்டுவ. 1500 ரூபாக்கு நல்ல மல்டிமீட்டர் ஒண்ணு வாங்கு, போதும்.

அக்கா, பத்தாவது மார்க் ஷீட், டிசி, கம்யூனிட்டி சர்டிஃபிகேட் மூணையும் எடுத்து வைங்க, ஆன்லைன் அப்ளிகேஷன் ஓப்பன் ஆனதும் வாங்க, நானே உக்காந்து போட்டுத் தரேன். மாமா நம்பரையும் குடுங்க, நான் பேசிக்கறேன்.