ஆப்பிரிக்காவுல சாதாரண ஜனங்களே போராடி அரசாங்கத்தோட முடிவை மாத்தின சம்பவம் ஏதாவது இருக்கா?

இருக்கு. தென்னாப்பிரிக்காவுல எய்ட்ஸ் மருந்துக்காக நடந்த போராட்டம். நான் பதினெட்டு வருஷமா மெடிக்கல் ஷாப்ல பார்மசிஸ்ட், விலையைக் கேட்டுட்டு "பாதி அட்டை மட்டும் குடுங்க"ன்னு சொல்றவங்களை தினம் பாக்குறேன், அதனாலயே இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிச்சிருக்கேன்.

1998 டிசம்பர் 10, மனித உரிமை தினத்தன்னைக்கு கேப் டவுன்ல செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல் வாசல்ல கொஞ்சப் பேர் கூடி, எச்ஐவி இருக்கவங்களுக்கு மருந்து வேணும்னு கையெழுத்து வாங்க ஆரம்பிச்சாங்க. அதுதான் ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெயின், அதாவது சிகிச்சைக்கான இயக்கம். முன்னாடி நின்னவர் ஜாக்கி அக்மத், அவருக்கே எச்ஐவி இருந்துச்சு. அதே மாசம் டர்பன் பக்கம் குகு த்லாமினின்னு ஒரு பொண்ணு, தனக்கு எச்ஐவி இருக்குன்னு வெளிப்படையா சொன்னதுக்காக அக்கம்பக்கத்துக்காரங்களே அடிச்சுக் கொன்னுட்டாங்க. அதுக்குப் பதிலடியாத்தான் இந்த இயக்கத்துக்காரங்க "எச்ஐவி பாசிட்டிவ்"னு பெருசா எழுதின டீ-ஷர்ட் போட ஆரம்பிச்சாங்க, நோய் இருக்கவங்களும் இல்லாதவங்களும் எல்லாரும் அதையே போட்டா யாரைப் பிரிச்சு அடிப்பாங்க? 2002ல மண்டேலாவே அதைப் போட்டுட்டு வந்து நின்னார்.

அப்போ ஒரு ஆளுக்கு ஒரு வருஷ மருந்து பத்தாயிரம் டாலரைத் தாண்டும். விலை குறைஞ்ச மருந்து கொண்டுவர மண்டேலா அரசு போட்ட சட்டத்தை எதிர்த்து 39 மருந்துக் கம்பெனிங்க கேஸ் போட்டுச்சு. 2001 பிப்ரவரில மும்பை சிப்லா அதே மாதிரி மருந்தை வருஷத்துக்கு 350 டாலருக்குத் தர்றோம்னு சொன்னதும் உலகத்துக்கே உண்மை தெரிஞ்சு போச்சு. ஏப்ரல்ல கம்பெனிங்க கேஸை வாபஸ் வாங்கிட்டாங்க.

ஆனா அடுத்த சண்டை சொந்த அரசாங்கத்தோட. எச்ஐவியாலதான் எய்ட்ஸ் வருதாங்கறதையே மண்டேலாவுக்கு அடுத்து வந்த பிரசிடென்ட் ம்பெக்கி சந்தேகப்பட்டார். பிரசவத்தப்ப அம்மாவுக்கு ஒரு நெவிரபைன் மாத்திரை, பொறந்த குழந்தைக்கு ஒரு டோஸ் சொட்டு மருந்து, இவ்வளவுதான், நிறைய குழந்தைங்களுக்குத் தொத்தாம தடுத்திருக்கலாம், அதையும் மாகாணத்துக்கு ரெண்டு இடத்துல மட்டும் குடுப்போம்னு நிறுத்தி வெச்சிருந்தாங்க. இயக்கத்துக்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2002 ஜூலை 5ல அரசியல் சாசன நீதிமன்றம், இந்தக் கட்டுப்பாட்டை எடுத்துட்டு மத்த அரசு ஆஸ்பத்திரிகள்லயும் குடுக்கணும்னு தீர்ப்பு சொல்லிருச்சு.

எல்லாரும் கோர்ட் வெற்றியைத்தான் பேசுவாங்க, என்னை உலுக்கினது வேற. கேப் டவுன் பக்கத்துல இருக்கற கயெலிட்ஷா மாதிரி தகரக் கொட்டகைப் பகுதிகள்ல பள்ளிக்கூடப் படிப்பையே முடிக்காத பொண்ணுங்க சிடி4ன்னா என்ன (நோய் எதிர்ப்பு செல் கணக்கு), வைரல் லோடுன்னா என்ன (ரத்தத்துல இருக்கற வைரஸ் அளவு), எந்த மாத்திரைக்கு என்ன சைடு எஃபெக்ட்டுன்னு தங்க பாஷையிலயே படிச்சுட்டு கிளினிக் வராண்டாவுல உக்காந்து அடுத்தவங்களுக்கும் சொல்லிக் குடுத்தாங்க. ஹெல்த் மினிஸ்டர் எய்ட்ஸுக்குப் பூண்டும் பீட்ரூட்டும் சாப்பிடுங்கன்னு சொன்னப்ப அது எதுக்கு உதவும் எதுக்கு உதவாதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. இத்தனை வருஷ சர்வீஸ்ல என் கடைக்கு வர்ற சுகர் பேஷன்ட்டுல எத்தனை பேருக்கு நான் அப்படி உக்காந்து சொல்லியிருக்கேன்னு நினைச்சா மனசு உறுத்துது.

அக்மத் ஒரு சபதம் போட்டிருந்தார், அரசு ஆஸ்பத்திரில ஏழைக்குக் கிடைக்காத மருந்தை நானும் தொடமாட்டேன்னு. உடம்பு மோசமாகி, மண்டேலாவே அவர் வீட்டுக்கு வந்து கேட்டும் அவர் மாறல. 2003 ஆகஸ்ட்ல எல்லாருக்கும் ஏஆர்வி, அதாவது எச்ஐவியை அடக்கி வைக்கிற மருந்து, தர அமைச்சரவை ஒத்துக்கிச்சு, அந்தச் சமயத்துலதான் அவரும் எடுத்துக்கச் சம்மதிச்சார். அந்தத் தாமதத்தால போன உயிர் 3,30,000க்கும் மேலன்னு ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2008ல கணக்குச் சொன்னாங்க. அதைப் படிச்ச அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல.

மருந்து வந்தப்புறமும் இயக்கத்துக்காரங்க வீட்டுக்குப் போயிடல. கிளினிக்ல ஸ்டாக் இல்லன்னு திருப்பி அனுப்பினா உடனே எங்களுக்கு போன் பண்ணுங்கன்னு 2013ல மத்த அமைப்புகளோட சேந்து ஒரு ஏற்பாடு பண்ணாங்க, எந்த ஊர்ல எந்த மாத்திரை தீந்துச்சுங்கற கணக்கு பேஷன்ட்டுங்க கையிலயே இருந்துச்சு.