என்ன நடந்தது என்று கேட்காமலே உதவலாம்

கேள்வி: பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்துகிறேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், பின்னால் நின்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தால் அப்படியே விறைத்துப்போகிறார். கரண்ட் போனால் நடுங்குகிறார். ஒருநாள் தனியாக உட்காரவைத்து விசாரித்தேன். கணவரிடம் பட்டதையெல்லாம் அழுதுகொண்டே கொட்டிவிட்டார். மறுநாளிலிருந்து வகுப்புக்கு வரவில்லை. ஆறுதலாகத்தானே கேட்டேன்? இனி எப்படி நடந்துகொள்வது?
— ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: மனதில் இருப்பதைக் கொட்டினால் பாரம் குறையும் என்று நம் ஊரில் எல்லோரும் நம்புகிறோம். சாதாரண வருத்தத்துக்கு அது சரி. அடியும் அச்சமும் உடம்பில் பதிந்துபோனவர்களுக்கு அப்படி இல்லை. நடந்ததை விவரிக்கும்போது உடம்பு அதை இன்னொரு முறை அனுபவிக்கிறது. வீட்டுக்குப் போன பிறகு, ‘இவ்வளவு சொல்லிவிட்டோமே, வெளியே தெரிந்தால்?’ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். அவர் வராமல் போனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டியும், நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்றே சொல்கிறது. அவராகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகத் தோண்ட வேண்டாம்.

முதலில் அவருக்கு ஒரு தகவல் அனுப்புங்கள். அவருடைய போனை வீட்டில் வேறு யாராவது பார்க்கக்கூடும் என்பதால், அதில் வகுப்பைப் பற்றி மட்டும் இருக்கட்டும்: “இந்த வாரம் பாவாடை கட்டிங். உங்க மெஷின் அப்படியே இருக்கு, எப்ப வேணா வாங்க.” ‘அன்று பேசியது’ என்று ஒரு வார்த்தைகூட வேண்டாம். வந்ததும், தனியாக ஒரே ஒரு முறை, “அன்னைக்குச் சொன்னது என்னோட இருக்கும். இனிமே நானா எதுவும் கேக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுங்கள். வருகைப் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டாம், ‘விடுப்பு’ போதும்.

அடுத்து வகுப்பறை. மாற்றங்களை அவருக்கு மட்டும் செய்தால் மற்றவர்கள் கண் அவர்மேல் விழும். எல்லோருக்கும் பொதுவான விதியாகவே கொண்டுவாருங்கள். இப்படிப்பட்ட அனுபவம் உள்ள இன்னும் சிலர் அதே வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கக்கூடும்.

பின்னாலிருந்து தொடுவதை அடியோடு நிறுத்துங்கள். பக்கவாட்டில், அவர் கண்ணில் படும்படி நின்று, உங்கள் கையால் இன்னொரு துண்டுத் துணியில் தைத்துக் காட்டுங்கள். கையைத் தொட்டே ஆக வேண்டுமென்றால் “கையைப் பிடிச்சுக் காட்டவா, இல்ல நான் தைச்சுக் காட்டவா?” என்று கேளுங்கள். கேட்டதோடு முடியவில்லை. ‘வேண்டாம்’ என்று சொன்னால் உங்கள் முகம் மாறக் கூடாது. மாறினால் அடுத்த முறை வேண்டாம் என்று சொல்ல வாய் வராது.

தையல் வகுப்பில் பலர் யோசிக்காத இடம், அளவு எடுப்பது. ஜாக்கெட்டுக்கு ஒருவர் இன்னொருவர் மார்பிலும் கழுத்திலும் இன்ச் டேப்பைச் சுற்றிப் பழகுவது வழக்கம். கழுத்தை நெரிக்கப்பட்டவருக்கு அந்த டேப் என்னவாகத் தெரியும் என்று நினைத்துப் பாருங்கள். அளவு ஜாக்கெட்டிலிருந்து அளவு எடுப்பதையோ, டம்மியில் எடுப்பதையோ முதல் பாடமாக வையுங்கள். ஆள்மேல் எடுப்பது விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் போதும். அப்போதும் எங்கே டேப்பை வைக்கப்போகிறோம் என்பதை முன்கூட்டியே வாயால் சொல்லிவிட வேண்டும்.

கதவை உள்ளே தாழிட வேண்டாம். சுவரை முதுகுக்கு வைத்து வாசலைப் பார்க்கும் இடங்களை, யார் வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கும்படி விடுங்கள். சார்ஜ் லைட் ஒன்று எப்போதும் தயாராக இருக்கட்டும். கரண்ட் போனதும் நீங்கள் சத்தமாக, நிதானமாக, “கரண்ட்தான் போச்சு, லைட் போடறேன்” என்று சொல்லுங்கள். வெளி ஆட்கள் யாராவது வருவதாக இருந்தால் முந்தின நாளே அறிவியுங்கள். இவர்களுக்கு எதிர்பாராதது எதுவும் சின்ன விஷயம் இல்லை.

இவ்வளவு செய்தும் அவர் விறைத்துப்போகலாம். அதைத் திமிர் என்றோ கவனக்குறைவு என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நேரத்தில் பதில் சொல்ல அவரால் முடியாது. ஊசிக்கு அருகில் கை இருந்தால், பவர் மெஷினின் சுவிட்சை அணையுங்கள். தோளைத் தட்டாதீர்கள், உலுக்காதீர்கள். கைக்கெட்டாத தூரத்தில், அவர் பார்வையில் படும்படி உட்கார்ந்து, பெயர் சொல்லி, “நம்ம தையல் கிளாஸ்ல இருக்கீங்க. காலைத் தரையில அழுத்திப் பாருங்க. மேசை மேல என்ன கலர் துணி இருக்கு?” என்று கேளுங்கள். ‘கண்ணை மூடி மூச்சை இழுத்துவிடு’ என்பது கேட்க நல்ல யோசனைபோலத் தோன்றும். ஆனால் கண்ணை மூடியதும் பழைய காட்சியே முன்னால் வந்து நிற்கும் ஆட்கள் உண்டு. கண் திறந்தே இருக்கட்டும். மற்றவர்களைச் சுற்றிக் கூடவிடாதீர்கள். தெளிந்ததும் தண்ணீர் கொடுத்து, “தைக்கறீங்களா, கொஞ்ச நேரம் வெளியில உக்காரறீங்களா?” என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

‘எல்லாத்தையும் மறந்துடு’, ‘பிள்ளைக்காகப் பொறுத்துக்கோ’, ‘உன்னைவிடக் கஷ்டப்பட்டவங்க இருக்காங்க’ இந்த மூன்றையும் வகுப்பில் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கணவரை விட்டு வந்துவிடு என்ற அறிவுரையும் வேண்டாம். பிரியும் சமயத்தில்தான் வன்முறை கூடும் ஆபத்து அதிகம். அந்த முடிவு அவருடையது.

இனி யாராவது மனம் திறக்க வரும்போது ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று முழு வாக்குக் கொடுக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் உதவி கேட்டே ஆக வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் மாணவிகளில் 18 வயது நிரம்பாதவர் இருந்து, பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. மறைப்பது குற்றம்.

தூக்கமின்மையும் கெட்ட கனவும் ஒரு மாதத்தைத் தாண்டி நீடித்தால் மனநல மருத்துவரிடம் காட்டுவதே சரி. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பார்க்கலாம். சாவைப் பற்றிப் பேசினால், “உயிரை விட்டுடலாம்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அன்று அவரைத் தனியாக அனுப்பாதீர்கள்.

டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. பெண்கள் உதவி எண் 181. குழந்தைகளுக்கு 1098. இந்த மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி, கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். வகுப்புச் சுவரில் ஒட்டினால், குறித்துக்கொள்வது யார் என்று எல்லோரும் பார்ப்பார்கள்.